வலிக்காத ரத்தம்

1996 ஐப்பசி. அக்காவுக்கு எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து, ரெட்டியார்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. விடியும் முன்னே எழுந்தவள், "அம்மா, பாயெல்லாம் ஈரமா இருக்கு" என்றாள். தூக்கத்தில் தெரியாமல் சிறுநீர் போய்விட்டதென்று அவளுக்குக் கூச்சம். அம்மா லைட்டைப் போட்டாள். சேலை நனைந்திருந்தது. பளிச்சென்ற சிவப்பு.

அப்பத்தா எழுந்து வந்து கேட்டது ஒரே கேள்விதான். "ஏத்தா, வலிக்குதா?"

"இல்ல அப்பத்தா. ஒண்ணுமே வலிக்கல."

"இடுப்பு கடுக்குதா?"

"இல்ல."

"அப்பச் சூடுதான். பஸ்ஸுல வந்த சூடு. வெந்தயத்த மோர்ல போட்டுக் குடு. வலி வரட்டும், போவோம்."

அரைமணி நேரத்தில் ரத்தம் தானாக நின்றது. அம்மா கோபிநாத சுவாமியை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். எங்கள் ஊர் மலைமேல் இருக்கிற அந்தச் சாமிக்கு மாடு, கன்று நலத்துக்காகத்தான் வேண்டிக்கொள்வார்கள். அன்றைக்குப் பெண்ணுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாள். சேலையை ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட்டார்கள். ஏதோ பட்டது, நின்றுவிட்டது என்று வீடு அதை மறந்துபோனது.

ஒன்பதாம் நாள் மறுபடி வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. சேலையில் தெரிந்ததைப் பார்த்து 'கொஞ்சம்தான்' என்றுதான் எல்லோரும் சொன்னோம். அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுப் பாயை எடுத்தபோதுதான் தெரிந்தது. கோரைகளின் இடுக்கு வழியாக ரத்தம் இறங்கி, அடியில் சிமென்ட் தரையில் பாயின் அகலத்துக்குத் தேங்கிக் கிடந்தது. அதன் ஓரங்கள் ஏற்கெனவே உறைந்து கறுத்திருந்தன. பால் வண்டி ஒன்றை மறித்துத் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் செய்து பையனை எடுத்தார்கள். தெருவிலிருந்து கூடவே வந்த இரண்டு மில் தொழிலாளர்கள் ரத்தம் கொடுத்தார்கள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

"மொதத் தடவை பட்டப்பவே ஏம்மா கூட்டிட்டு வரல?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு அம்மா சொன்ன பதில்: "வலி இல்லைங்களே டாக்டர்."

முப்பது வருஷம் ஆகப்போகிறது. இந்தப் பதிலை நான் அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். படித்த வீடு, படிக்காத வீடு என்ற வித்தியாசமே இல்லை. வலி வந்தால் ஆஸ்பத்திரி, வராவிட்டால் வீடு. பிரசவத்துக்கு இது சரியான கணக்கு. பல தலைமுறைப் பெண்கள் அனுபவத்தில் போட்ட கணக்கு. கடைசி மூன்று மாதத்தில் ரத்தம் பட்டால் மட்டும் இதே கணக்கு நம்மை ஏமாற்றிவிடுகிறது.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் ரத்தம் படுவது அபூர்வம் அல்ல. நூறு கர்ப்பிணிகளில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இது வருகிறது. அவர்களில் பலருக்கு என்ன காரணம் என்றே கடைசிவரை பிடிபடாது. தாயும் சேயும் நலமாக வீடு திரும்புவார்கள். மீதிப் பேருக்கு இரண்டு பெரிய காரணங்கள். இரண்டுமே நஞ்சு சம்பந்தப்பட்டவை. குழந்தைக்குச் சோறும் மூச்சும் கொண்டுபோகிற நஞ்சுக்கொடி ஒன்று உட்காரக்கூடாத இடத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது உட்கார்ந்த இடத்திலிருந்து நேரத்துக்கு முன்பே பெயர்ந்துவிடும். இந்த இரண்டும் வேறுவேறு என்று 1775இலேயே பிரித்துக் காட்டியவர் இங்கிலாந்தின் நாரிச் நகரத்து மருத்துவர் எட்வர்ட் ரிக்பி. முதல் வகையில் ரத்தப்போக்கைத் தவிர்க்கவே முடியாது, இரண்டாவது எதிர்பாராமல் நேர்வது என்றார். ஸ்கேன் இல்லாத காலத்தில், பிரசவ அறையில் கண்ணால் பார்த்ததையும் கையால் உணர்ந்ததையும் மட்டும் வைத்து எழுதியவர். அவர் போட்ட கோடு இருநூற்றைம்பது வருஷமாக அழியவில்லை.

அக்காவுக்கு வந்தது முதல் வகை. கர்ப்பப்பையின் மேல்பாகத்தில் ஒட்டியிருக்க வேண்டிய நஞ்சு, கீழே வாயை அடைத்தாற்போல் இருந்தது. பிரசவ நேரத்துக் கணக்கில் சுமார் இருநூறு பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும். ஏன் எட்டாம் மாதத்தில் வந்தது, ஏன் வலிக்கவில்லை? ஏழாம் மாதத்துக்குப் பிறகு கர்ப்பப்பையின் அடிப்பாகம் மெலிந்து நீளத் தொடங்கும். பிரசவத்துக்கு வழி தயாராகிறது. பாதி ஊதிய பலூனில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டு மேலும் ஊதிப் பாருங்கள். பலூன் விரியும், பொட்டு விரியாது. ஓரம் பெயர்ந்துகொண்டு நிற்கும். நஞ்சின் ஓரமும் அப்படித்தான் பெயர்கிறது, பெயர்ந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் திறந்துகொள்கின்றன. கர்ப்பப்பை இறுகிச் சுருங்காததால் வலி இல்லை. வெளியே வர வழி பக்கத்திலேயே இருப்பதால், ரத்தம் உள்ளே தங்கிக் கறுக்காமல் புதிதாக, சிவப்பாக வருகிறது. தூங்கும்போது வரலாம், கோலம் போடும்போது வரலாம். காரணம் தேடினால் கிடைக்காது. பஸ்ஸும் காரணம் இல்லை, பப்பாளியும் இல்லை, சூடும் இல்லை.

பெரும்பாலும் முதல் தடவை கொஞ்சம்தான் வரும், தானாகவே நின்றும் போகும். அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. நாளைக்கே வரலாம், மூன்று வாரம் கழித்தும் வரலாம். அடுத்தது முதலாவதைவிடப் பெரிதாக இருக்கும் என்றுதான் மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள். நின்றுபோன ரத்தத்துக்கு நாம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறோமே, அந்த நேரம்தான் வண்டி பிடிக்க வேண்டிய நேரம்.

போன உடனே வயிற்றைக் கிழித்துவிடுவார்களோ என்ற பயமும் வீடுகளைத் தாமதிக்க வைக்கிறது. அது பழைய காலத்துப் பயம். முன்பெல்லாம் நஞ்சு கீழே இருந்து ரத்தம் பட்டால் மாதம் நிறையாவிட்டாலும் உடனே பிரசவம் பார்த்துவிடுவார்கள். குறைமாதக் குழந்தைகள் நிறையச் செத்தன. 1945இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்து மருத்துவர் மெக்காஃபி வேறு வழி காட்டினார். ரத்தம் நின்றுவிட்டதா, தாய் தெம்பாக இருக்கிறாளா, அப்படியானால் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, ரத்தம் தயாராக வைத்துக்கொண்டு, குழந்தை வளரும்வரை காத்திருக்கலாம் என்றார். இன்றைக்கும் அதுதான் முறை. கூடவே, குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்குத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். ஆக, காத்திருப்பதில் தவறே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காத்திருக்க வேண்டும், வீட்டுக் கோரைப்பாயில் அல்ல.

இன்னொன்று. ரத்தம் படுகிற கர்ப்பிணியை 'வாய் திறந்திருக்கா' என்று விரலை விட்டுப் பார்க்கக்கூடாது. நஞ்சு எங்கே இருக்கிறதென்று ஸ்கேன் செய்து தெரிந்துகொள்ளும்வரை யாருமே பார்க்கக்கூடாது. மருத்துவச்சியும் கூடாது, நர்சும் கூடாது, டாக்டரும் கூடாது. வாயை அடைத்திருக்கிற நஞ்சில் விரல் பட்டால், மெல்லக் கசிந்துகொண்டிருந்தது வெள்ளமாகிவிடும். யாராவது கையுறையை மாட்டினால், 'ஸ்கேன் பாத்துட்டீங்களா' என்று கேட்க வீட்டாருக்கு உரிமை உண்டு.

வயிறு கல்லாகும்போது

இரண்டாவது காரணம் முதலாவதற்கு நேர் எதிர். நஞ்சு சரியான இடத்தில்தான் இருக்கும். குழந்தை பிறக்கும் முன்பே சுவரிலிருந்து பிரிந்துவிடும். இதில் வலி உண்டு. சாதாரணப் பிரசவ வலி வந்து வந்து போகும், இது போகாது. வயிறு பலகைபோல விறைத்து நிற்கும், தொடவிடமாட்டாள். வருகிற ரத்தம் பெரும்பாலும் கறுஞ்சிவப்பு. குழந்தையின் அசைவு குறையும், சில சமயம் நின்றே போகும்.

இதில் மிக மோசமானது ரத்தம் வெளியிலேயே வராத வகை. நஞ்சுக்குப் பின்னால், கர்ப்பப்பைக்குள்ளேயே ரத்தம் தேங்கிக்கொண்டிருக்கும். ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே போயிருக்கும். சேலையில் ஒரு சொட்டு இருக்காது. ஆளைப் பார்த்தால் வெளுத்து, வேர்த்து, நாடி படபடத்துக் கிடப்பாள். வீட்டில் 'வாயுப்பிடிப்பு' என்று பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுத்து, வயிற்றில் விளக்கெண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருப்பார்கள். முன்னதில் வலி இல்லாததால் ஏமாந்தோம், இதில் ரத்தம் தெரியாததால் ஏமாறுகிறோம். ஏழு மாதத்துக்கு மேல் இருக்கிற ஒருத்திக்கு வயிறு இளகாமல் கல்லாகிக் கிடந்தால், ரத்தம் பட்டாலும் படாவிட்டாலும் அது ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய விஷயம்.

இதற்குப் பின்னால் அடிக்கடி இருப்பது ரத்தக்கொதிப்பு. செக்கப்பில் ஒவ்வொரு தடவையும் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்ப்பது சடங்குக்காக அல்ல. கால், முகம் வீங்கி, தலை வலித்து, கண் மங்குகிற கர்ப்பிணிக்கு நஞ்சு பிரிகிற ஆபத்து கூடுதல். போன பிரசவத்தில் இப்படி வந்தவர்களுக்குத் திரும்பவும் வரலாம். புகையிலை இன்னொரு காரணம். பீடி, சிகரெட்டைப் பற்றித்தான் உலகத்து ஆராய்ச்சிகள் அதிகம் பேசுகின்றன. நம் பக்கத்தில் வெற்றிலையோடு வாயில் அடக்குகிற புகையிலையையும் விட்டுவிடத்தான் சொல்ல வேண்டும். பனிக்குடம் அளவுக்கு மீறி நிரம்பியிருந்து திடீரென்று உடைந்தாலும் நஞ்சு பிரியக்கூடும்.

அப்புறம் அடி. தொழுவத்தில் மாடு முட்டுவது, டூவீலரின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போகையில் வேகத்தடையில் தூக்கிப்போடுவது, காய்கறித் தோட்டத்து வரப்பில் வழுக்கி விழுவது எல்லாம் நம் ஊரில் நடப்பவை. விழுந்த உடனே ஒன்றும் தெரியாமல் இருந்து, சில மணி நேரம் கழித்து நஞ்சு பிரிந்ததும் உண்டு. வயிற்றில் அடிபட்டவளை, நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும், ஒருநாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். இன்னொரு வகை அடியும் இருக்கிறது. அதை யாரும் அடி என்று சொல்வதில்லை, 'விழுந்துட்டேன்' என்பார்கள். அனுபவப்பட்ட செவிலியர்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மறுபடியும் ஒருமுறை தனியாகக் கேட்பார்கள். கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

நஞ்சு பிரிந்து நேரம் கடந்தால் வேறொரு விபரீதமும் சேர்ந்துகொள்கிறது. ரத்தம் உறையும் தன்மையையே இழந்துவிடும். ஊசி குத்திய இடத்தில்கூடக் கசியும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய லேப் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொடுக்கிற ஒரு சோதனை உண்டு. கையிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, உள்ளங்கைச் சூடு படும்படி முஷ்டிக்குள் மூடிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாலு நிமிஷம் கழித்து மெல்லச் சாய்த்துப் பார்க்கிறார் செவிலியர். பிறகு நிமிஷத்துக்கு ஒருமுறை. உறைந்துவிட்டால் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சிந்தாது. ஏழு நிமிஷம் ஆகியும் தண்ணீராகவே ஆடினால், அல்லது உறைந்தது தொட்டதும் உடைந்தால், உடனே ரத்தமும் ரத்தப் பொருட்களும் ஏற்ற வேண்டும். மூடிய கைக்குள் ஒரு பெண்ணின் உயிரை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து நிற்கிற அந்த ஏழு நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள்.

வேறு காரணங்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். தொப்புள்கொடியின் ரத்தக்குழாய்கள் சில சமயம் பாதுகாப்பில்லாமல் கர்ப்பப்பை வாயின் குறுக்கே ஓடும். பனிக்குடம் உடையும்போது அவையும் அறுந்தால், போவது தாயின் ரத்தம் அல்ல, குழந்தையின் ரத்தம். பிறக்கப்போகும் குழந்தையின் உடம்பில் மொத்தமே கால் லிட்டர் சொச்சம்தான் இருக்கும். தாய் தெம்பாகவே இருப்பாள், குழந்தை நிமிஷக்கணக்கில் போய்விடும். முன்பு ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பிரசவ வலி எடுத்தபின் பழைய தழும்பு பிரிந்துகொள்வது உண்டு. உச்சத்தில் இருந்த வலி சட்டென்று நின்றுபோய் ஆள் துவண்டால் அதைச் சந்தேகிக்க வேண்டும். கர்ப்பப்பை வாயில் புண், சின்னச் சதை வளர்ச்சி, அரிதாகப் புற்றுநோய் ஆகியவற்றாலும் ரத்தம் படலாம்.

'எல்லா ரத்தத்துக்கும் இப்படிப் பயந்தால் எப்படி, பிரசவத்துக்கு முன்னால் படுவது சகஜம்தானே' என்று கேட்பார்கள். சகஜமானது ஒன்று இருக்கிறது. மாதம் நிறைந்தபின் வலி தொடங்கும்போதோ, அதற்குக் கொஞ்சம் முன்போ, மூக்குச்சளிபோலக் கொழகொழவென்று ஒரு கட்டி வரும். அதில் ரத்தம் கோடுகோடாகக் கலந்திருக்கும். வாயை அடைத்திருந்த சளி கழன்று வருகிறது. அது சேலையை நனைக்காது, காலில் வழியாது. இளக்கமாக, தண்ணீர்போல, நனைக்கிற மாதிரி வந்தால் அது இந்தச் சளி அல்ல. சந்தேகம் வந்தால் வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லவேண்டாம்.

ஸ்கேன் பேப்பரில் ஒரு வரி

அக்கா காலத்தில் எங்கள் ஊருக்கு ஸ்கேன் எட்டவில்லை. இன்றைக்கு ஐந்தாம் மாத ஸ்கேன் எடுக்காத கர்ப்பிணியைப் பார்ப்பது கஷ்டம். ஆனால் ஸ்கேன் பேப்பரில் நஞ்சைப் பற்றி எழுதியிருக்கிற வரியை எதற்காகப் படிக்கிறோம்? 'ஆன்டீரியர்' என்றால் பையன், 'போஸ்டீரியர்' என்றால் பொண்ணு என்று எவரோ கிளப்பிவிட்ட ஒரு பொய்க்காக. நஞ்சு கர்ப்பப்பையின் முன்சுவரில் இருக்கிறதா, பின்சுவரில் இருக்கிறதா என்பதைத்தான் அந்தச் சொற்கள் சொல்கின்றன. படிக்கவேண்டிய சொல் அடுத்தது: 'லோ லையிங்' அல்லது 'ப்ரீவியா'. நஞ்சு கீழே இருக்கிறது என்று அர்த்தம். ஐந்தாம் மாதத்தில் அப்படி இருந்தால் கலங்கவேண்டாம். கர்ப்பப்பை வளர வளர, பத்தில் ஒன்பது பேருக்கு அது மேலே போய்விடும். எட்டாம் மாதத்தில் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்து, மேலே போய்விட்டதா என்று பார்த்தாக வேண்டும். நஞ்சின் ஓரம் வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் பெரும்பாலும் சுகப்பிரசவத்துக்கே முயலலாம். வாயை மூடியிருந்தால் ஆபரேஷன்தான். அதுவும் ரத்த வங்கி உள்ள இடத்தில்தான். நஞ்சு கீழே இருப்பது தெரிந்தால், அது மேலே போகும்வரை தாம்பத்தியமும், நீண்ட பயணமும் வேண்டாம் என்று சொல்கிறார்கள். எட்டாம் மாதத்திலும் குழந்தையின் தலை இறங்காமல் குறுக்கே கிடந்தால், கீழே நஞ்சு இடத்தைப் பிடித்திருக்கிறதோ என்று யோசிக்க வேண்டும்.

முதல் பிரசவம் ஆபரேஷனாக இருந்தவர்கள் இந்த வரியை இரண்டு மடங்கு கவனமாகப் படிக்கவேண்டும். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 44.9 ஆபரேஷன். கிட்டத்தட்டப் பாதி. தேவையான ஆபரேஷன் உயிர் காக்கிறது, என் அக்காவே அதற்குச் சாட்சி. ஆனால் ஒவ்வொரு தழும்பும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு கீழே உட்கார்வதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. உட்கார்வது தழும்பின் மேலேயே என்றால் வேரோடிவிடும், குழந்தை பிறந்தபிறகும் பிரியாது. 2006இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் கணக்கு இது: நஞ்சு கீழே இருக்கிறவர்களில், முன்பு ஆபரேஷன் ஆகாதவர்களில் 3 சதவீதம் பேருக்கு இப்படி வேரோடியிருந்தது, ஒரு ஆபரேஷன் ஆனவர்களில் 11 சதவீதம், இரண்டு ஆனவர்களில் 40. பல சமயம் கர்ப்பப்பையையே எடுத்துவிட வேண்டியிருக்கும். முதல் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, தேவையில்லாமல் கத்தி வைக்கச் சொல்கிற குடும்பங்களுக்கும் இது தெரியவேண்டும்.

ரத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று கண்ணால் அளப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கர்ப்ப காலத்தில் பெண்ணின் உடம்பில் ரத்தத்தின் அளவே பாதிக்குப் பாதி கூடிவிடுகிறது. அதனால் ஒரு லிட்டர் போனபிறகும் எழுந்து உட்கார்ந்து பேசுவாள், ரத்த அழுத்தம் சரியாகவே காட்டும். நாடி மட்டும் வேகமாக ஓடும். அழுத்தம் சரிகிற நேரத்தில் கை நழுவியிருக்கும். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே குறைவாக இருக்கிறவளுக்கு இழப்பதற்கு மிச்சம் ஏது? செவிலியர் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை, மலம் கறுப்பாகப் போகிறதென்று முருங்கைக்கீரைக் கட்டுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிற பெண்கள் அதைப் பத்தாம் மாதத்துக்கான சேமிப்பாக நினைத்து விழுங்கவேண்டும்.

எங்கள் ஒன்றியத்துக்குச் சமவெளியும் உண்டு, மலையும் உண்டு. பழனி ரோட்டு ஓரத்து ஊர்களிலிருந்து திண்டுக்கல் பக்கம்தான். தருமத்துப்பட்டி வழியாக மலையேறினால் ஆடலூர், பன்றிமலை. அங்கிருந்து இறங்குகிற வளைவுகளில் ஒவ்வொன்றும் நேரம்தான். நஞ்சு கீழே இருக்கிறதென்று தெரிந்த மலைப்பெண் எட்டாம் மாதமே இறங்கி, கீழே சொந்தக்காரர் வீட்டிலோ ஆஸ்பத்திரிப் பக்கத்திலோ வந்து தங்கிவிடுவது நல்லது.

இந்தத் தூரத்தைக் குறைக்கிற வேலை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. திண்டுக்கல்லைத் தாண்டி மதுரை ரோட்டில் இருக்கிற காந்திகிராமத்தைத் தொடங்கிய டாக்டர் சௌந்திரம், தொழிலதிபர் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளவயதில் கணவரை இழந்தபிறகு தில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். வசதியான வாழ்க்கையை விட்டுவிட்டு 1947இல் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனோடு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். சின்ன அளவில் தொடங்கிய கஸ்தூரிபா மருத்துவமனை, சுற்றுவட்டாரப் பெண்களுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1962இல் திண்டுக்கல் எம்.பி. ஆகி மத்திய அரசில் துணை அமைச்சரும் ஆனவர் அவர். என் அப்பத்தாவின் தலைமுறை அவரை 'அம்மா' என்றுதான் சொல்லும். டாக்டர் கிராமத்தைத் தேடி வந்த காலம் அது.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஒரு தாய் இறந்தால் எங்கே தாமதமானது என்று குடும்பத்தாரையும் கூப்பிட்டு விசாரித்து எழுதிவைக்கிற வழக்கம் இந்த மாநிலத்தில் பல வருஷமாக இருக்கிறது. 2018–20 கணக்கில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. இதில் நமக்குப் பெருமை உண்டு. வண்டி வந்துவிட்டது, டாக்டர் வந்துவிட்டார், ரத்த வங்கி வந்துவிட்டது. வீட்டுத் திண்ணையில் நடக்கிற தாமதம் மட்டும் அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம், ராகுகாலம் போகட்டும், மாமனார் எதிரில் எப்படிச் சொல்வது, தீட்டுத்துணியை எப்படிக் காட்டுவது என்று அரைமணி ஒருமணியாகி, ஒருமணி ராத்திரி முழுக்க ஆகிவிடுகிறது. ராத்திரி ஷிப்ட் மில்லில் வேலை பார்க்கிறவள் சூப்பர்வைசரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, விடியும்வரை துணியை மடித்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ரத்தம் பட்டால் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. 108க்குப் போன் செய்யுங்கள். எத்தனை மாதம், ரத்தம் படுகிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அவளை இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நடக்க விடாதீர்கள், வயிற்றை நீவாதீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் கஷாயம், மோர், சோறு எதுவும் வேண்டாம். நனைந்த துணியைத் துவைக்காமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எவ்வளவு போனது என்பதை நம் வாயைவிட அந்தத் துணி சரியாகச் சொல்லும். தாய் சேய் அட்டை, ஸ்கேன் பேப்பர், ரத்த வகை எழுதிய சீட்டு கையோடு இருக்கட்டும். நெகட்டிவ் ரத்த வகை என்றால் அதை முதலிலேயே சொல்லவேண்டும். அந்த வகைக்காரர்களில் ரத்தம் பட்டவர்களுக்குத் தனியாக ஓர் ஊசி உண்டு. ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேர் பின்னாலேயே வரட்டும். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வருகிற பெண் வளையலும் புடவையும் கொண்டுவந்து, பேப்பர்களை மாமியார் வீட்டு பீரோவில் விட்டுவிட்டு வந்திருப்பாள். எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் செக்கப் நாளில், ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஏழு மாதப் பெண் ஒருத்தி, கண்ணாடி வளையல் இன்னும் புதுசாக. கூட அவளுடைய அப்பத்தா. செவிலியர் ஸ்கேன் பேப்பரைப் பார்த்து, ஒரு வரியின் கீழ் சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். அட்டையின் மேல்மூலையில் ரத்த வகையையும், 'நஞ்சு கீழ் – திண்டுக்கல்' என்றும் பெரிதாகத் தமிழில் எழுதினார்.

"இங்க பாருங்க ஆத்தா. பேத்திக்கு நஞ்சு கீழ இருக்கு. அடுத்த மாசம் இன்னொரு ஸ்கேன் எடுப்போம், மேல போயிரும்னுதான் நினைக்கிறோம். அதுக்குள்ள ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே கெளம்பி வந்துரணும்."

"வலி இல்லைன்னாலுமா?"

"வலி இல்லைன்னாலும்."

"ராத்திரின்னா?"

"ராத்திரின்னா 108. எனக்கும் போன் போடுங்க. இந்தா நம்பர்."

கிழவி கொஞ்சநேரம் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதவர். "இந்தக் கோடு போட்ட எடம்தான?" என்று விரலை வைத்துக் கேட்டார். ஆமாம் என்றதும், பேத்தியின் கையிலிருந்த அட்டையையும் பேப்பரையும் வாங்கி நான்காக மடித்து, மஞ்சள்பையின் அடியில் இருந்த வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த இடத்தில் அவற்றை வைத்தார். ஒட்டன்சத்திரம் போகிற பஸ் வந்து நின்றது. பேத்தியை முன்னால் ஏறவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்.